சந்ததி இல்லை

கிந்தா ரோடு,
சிங்கப்பூர்.
4.6.1961

அன்பு மகள் இரஞ்சிதத்துக்கு,

நீயும் மருமகன் அயோதேலேயும், நான் இன்னும் முகம் பாராத என் இரண்டு பேரப்பிள்ளைகளும் நைஜீரியாவில், இபாதான் நகரில் எந்தக் குறையுமின்றி இருக்க வேண்டும். இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி மழை நாட்களில் மட்டும் தலைகாட்டுகிறது.

எ கூ எவூ ஓமோ. சரியாக எழுதியிருக்கிறேனா தெரியவில்லை. பிள்ளை பெற்றவளைப் பார்த்து, ஆபத்தைக் கடந்து வந்தாயே என்று யொருபா மக்கள் சொல்லும் வாழ்த்து இது என்று நீ முன்பு எழுதியிருந்தாய். வேலை செய்பவருக்கு ஒரு வாழ்த்து, சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்று, மழையில் நனைந்து வந்தவருக்கு ஒன்று என்று நீ இதுவரை அனுப்பியவற்றையெல்லாம் அட்டைகளில் எழுதி வரிசைப்படுத்தி வைத்திருக்கிறேன். முப்பத்தொன்று இருக்கின்றன. சென்ற வாரம் அம்மா மா இடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று 'எ கூ இஷே' என்றேன். பொருள் கேட்டாள். சொன்னேன். "வேலைக்கு வாழ்த்துச் சொல்லுறவர் வந்து உலக்கையைப் பிடிக்கலாம்" என்றாள்.

உன் மே மாதக் கடிதம் 29ஆம் தேதிதான் கிடைத்தது. அதற்கு நான்கு நாள் முன்பு புக்கிட் ஹோ சுவீயில் பெருந்தீ. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வீடில்லை. நம் தெருவிலிருந்தும் புகை தெரிந்தது. அம்மா உன் பழைய சேலைகள் சிலவற்றைக் கொடுத்தனுப்பினாள். அந்தத் துக்கத்துக்கு நடுவில்தான் இரட்டைப் பிள்ளைகள் என்ற செய்தி வந்தது. அம்மா கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி, தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். இரண்டாம் முறை வாசிக்க நான் கெஞ்ச வேண்டியிருந்தது.

இரட்டையர் பற்றி நீ எழுதியதைப் பல முறை வாசித்தேன். அங்கே இரட்டையருக்குப் பெயர் தேட வேண்டியதில்லை, பெயரோடுதான் பிறக்கிறார்கள் என்றாய். முதலில் வந்த பையன் தாய்வோ, இருபது நிமிடம் கழித்து வந்த பெண் கெஹிந்தே. ஆனால் மூத்தவள் கெஹிந்தேதான். உலகம் நல்லதா என்று பார்த்து வரத் தம்பியை முன்னால் அனுப்பிவிட்டு, அவன் அழுகுரல் கேட்ட பிறகு நிதானமாக வந்தவள் அவள். வாழ்நாள் முழுவதும் கடைசியாக வாசலைத் தாண்டியவன் நான். இதைப் படித்தபோது எனக்கு ஏனோ மகிழ்ச்சியாக இருந்தது.

ஆனால் பெயரிடும் நாளில் நடந்ததை நீ எழுதியிருந்தாயே, அதுதான் என்னை உறங்கவிடவில்லை. எட்டாம் நாள். பிள்ளைகளின் நாவில் தேனும் உப்பும் தொட்டு வைத்தார்கள். பிறகு மேளக்காரர் வந்தார். அவருடைய மேளம் உங்கள் ஊர்ப் பேச்சின் ஏற்ற இறக்கத்தை அப்படியே பேசும் என்றாய். அவர் அயோதேலேயின் தகப்பனையும் பாட்டனையும் பாட்டனுக்குப் பாட்டனையும் அவரவர் புகழ்ச்சொல் சொல்லி மேளத்தில் அழைத்தார். அதை ஒரிக்கி என்கிறார்கள். கூடியிருந்த பெண்கள் கேட்டுக் கேட்டு அழுதார்கள். பிறகு அவர் உன் பக்கம் திரும்பினார். கோலை உயர்த்திப் பிடித்தபடி காத்திருந்தார். பிள்ளைகளின் தாய்வழியை அவர் எப்படி அழைப்பது? உனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. முற்றத்தில் எல்லோரும் உன்னையே பார்த்தார்கள். பிறகு அவர் கோலைத் தாழ்த்திக்கொண்டார்.

டிசம்பரில் குடும்பம் மறுபடி கூடும், மேளக்காரரும் வருவார், அதற்குள் நம் வழியின் ஒரிக்கியை எழுதி அனுப்பு என்று உன் மாமியார் கேட்டிருக்கிறார். பிள்ளை காலையில் வந்து மண்டியிடும்போது பெரியவர்கள் அதைச் சொல்லித்தான் தட்டிக்கொடுக்க வேண்டுமாம். பாதிப் புகழோடு ஒரு பிள்ளை எப்படி வளரும் என்று கேட்டாராம். அந்த அம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல். நம்மவரில் ஒருவர்கூட இதுவரை என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

நான் ஒன்று எழுதிப் பார்த்தேன். குலத்தில் கதிரவன், குணத்தில் கடல் என்று போனது. வரவேற்புப் பத்திரம் போலிருந்தது. கிழித்துவிட்டேன். நீ மொழிபெயர்த்து அனுப்பிய அயோதேலே வீட்டு ஒரிக்கியை எடுத்து மறுபடி வாசித்தேன்.

*பெருவாள் ஏந்தியவன், தவளைக்கு அஞ்சியவன்;*
*தவளை கத்தியதும் கட்டிலில் ஏறியவன்;*
*அவன் நட்ட கோலா மரம் இன்னும் நிற்கிறது.*

அந்தத் தவளை வரும்போதுதான் பெண்கள் அதிகம் ஆரவாரிக்கிறார்கள் என்றாய். குறையை விட்டுவிட்டால் அது வேறு யாருடைய புகழாகவோ ஆகிவிடும் என்று உன் மாமியார் சொன்னாராம். இவ்வளவு துணிச்சலான இலக்கியம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆனால் என் பக்கத்தில் வாளும் இல்லை, மரமும் இல்லை. நில அளவை இலாகாவில் முப்பத்து மூன்று வருடம் ஆவணம் எழுதும் கிராணி வேலை. தவளை மட்டும் இருக்கிறது.

இனி நான் எழுதப்போவது கோபத்தில் எழுதுவது. பொறுத்துக்கொள்.

நம் சபையின் வெள்ளிவிழா மலர் உனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்த குடும்பங்களின் வம்ச அட்டவணைகளை அதற்காக இரண்டு வருடமாக நான்தான் தொகுக்கிறேன். நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள். சென்ற வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நம் குடும்ப அட்டவணையைக் காட்டினேன். உன் பெயர், அருகில் அயோதேலே, கீழே கெஹிந்தே, தாய்வோ. தலைவர் நவரத்தினராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கிராணியார், இது தேவைதானோ?" என்றார். பிறகு உன் மாமா வேலாயுதம் பேசினார். சபையின் செயலாளர் என்ற முறையில் பேசுகிறாராம். உன் அம்மாவின் சொந்தத் தம்பி. "அத்தான், இந்தப் பேருகளை அச்சிலை போட்டால் நாளைக்கு எங்கடை பிள்ளையளுக்குச் சம்பந்தம் பேச ஏலுமோ?"

இரஞ்சிதம், இதே தலைவரின் மகன் லீட்ஸில் ஓர் ஆங்கிலப் பெண்ணை மணந்தான். மலரில் அவளுக்கு அரைப் பக்கம். அவள் தகப்பனார் ரயில்வேயில் என்ன உத்தியோகம் என்பது வரை இருக்கிறது. நான்தான் எழுதினேன். அதை நான் மெல்ல நினைவூட்டினேன். "அது வேறை" என்றார் தலைவர். எப்படி வேறு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று. சென்ற அக்டோபரில் நைஜீரியா விடுதலை பெற்றபோது, பழம்பெரும் பண்பாட்டின் எழுச்சி என்று வாழ்த்துத் தந்தி அனுப்பியது இதே சபைதான். அந்தத் தந்தியின் வாசகத்தை எழுதியவனும் நான்தான். தூரத்தில் இருந்தால் பண்பாடு. வீட்டுக்குள் வந்தால் சம்பந்தம் கெட்டுவிடும்.

30ஆம் தேதி அடுத்த கூட்டம். பேசுவதற்கு ஏழு குறிப்புகள் எழுதி வைத்திருக்கிறேன். இந்த முறை பேசுவேன். நீ கவலைப்படாதே.

பிள்ளைகளின் படம் ஒன்று அனுப்பு. அம்மா இரண்டு கேட்கிறாள்.

அன்புள்ள அப்பா,
தில்லையம்பலம்


கிந்தா ரோடு,
சிங்கப்பூர்.
9.7.1961

அன்பு மகளுக்கு,

படம் கிடைத்தது. கெஹிந்தே முகத்தைச் சுளித்துக்கொண்டு இருக்கிறாள். உன் அம்மாவின் சுளிப்பு அது.

நான் சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் எழுதாமலே விட்டுவிடுவேன்.

கூட்டத்துக்கு ஏழு குறிப்புகளோடு போனேன். முதல் குறிப்பை வாசிக்க எழுந்தேன். தலைவர் கையைக் காட்டி, "இருங்கோ கிராணியார், உங்களைச் சிரமப்படுத்தாமல் நாங்களே ஒரு வழி கண்டிருக்கிறம்" என்றார். உட்கார்ந்துவிட்டேன். உன் பெயரை நீக்க மாட்டார்களாம். அது பெரிய தாராளமாம். உன் பெயருக்குப் பக்கத்தில் ச.இ. என்று போட்டால் போதுமாம்.

ச.இ. என்றால் சந்ததி இல்லை. அட்டவணையில் இடம் மிச்சப்படுத்த அந்தச் சுருக்கத்தை உண்டாக்கியவன் நான்தான். பிள்ளையில்லாதவர்களின் பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு வந்தேன். போடும்போதெல்லாம் சிறிது வருத்தமாக இருக்கும்.

வேலாயுதம் என் முன்னால் தாளை நகர்த்தி வைத்தார். பேனாவைத் திறந்தும் கொடுத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் போல நேராகத்தான் இருந்தது. கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தாலாவது என்னை மன்னித்துக்கொள்ளலாம்.

நீ லண்டனில் அயோதேலேயைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு கடிதம் எழுதியபோது மூன்று மாதம் நான் பதில் எழுதவில்லை. வேலை அதிகம் என்று பிறகு எழுதினேன். வேலை அதிகமில்லை. பயம். யார் என்ன சொல்வார்களோ என்ற பயம். இந்த மூன்று வருடத்தில் உன் கடிதங்களைப் படித்து, அந்த மக்களின் மேளத்தையும் வாழ்த்துகளையும் வேட்டைப் பாட்டுகளையும் அட்டை அட்டையாக எழுதி, நான் மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அட்டையில்தான் மாறியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். படம் அவள் கையில் இருந்தது. கோபிப்பாள் என்று நினைத்தேன். குரலை உயர்த்தவில்லை. "உங்கடை பேனையாலை ரெண்டு பிள்ளையளையும் கொன்றுபோட்டியள்" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. இன்றோடு ஒன்பது நாள். சாப்பாடு வருகிறது. தட்டு வைக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. தம்பியோடும் பேசவில்லை. ஞாயிறு அன்று வேலாயுதம் வாசலில் வந்து அக்கா என்று கூப்பிட்டார். அவள் உள்ளே இருந்து, இங்கே அக்காவும் இல்லை, சந்ததியும் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

தலைவர் மேல் எனக்குக் கோபம். வேலாயுதத்தின் மேல் அதைவிட. கடிகாரம் பார்த்தவரின் பெயர் நினைவில்லை, அவர் மேலும் கோபம். ஆனால் அவர்கள் யாரும் எழுதவில்லை. எழுதியது நான்.

நீ கேட்ட ஒரிக்கி இன்னும் எழுதவில்லை. என்னிடமிருந்து அதைக் கேட்கலாமா என்று நீயே இனி முடிவு செய்.

அப்பா


கிந்தா ரோடு,
சிங்கப்பூர்.
3.9.1961

அன்பு மகள் இரஞ்சிதத்துக்கு,

நீங்கள் நால்வரும் நலமாயிருக்க வேண்டும்.

என் சென்ற கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் வரவில்லை. எட்டு வாரம் ஆகிறது. நைஜீரியாவிலிருந்து தபால் தாமதமாகலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். "தபாலைக் குற்றம் சொல்லாதையுங்கோ" என்றாள். ஆம், அவள் இப்போது என்னோடு பேசுகிறாள். எப்படி என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

ஜூலை கடைசியில் மலர் அச்சாகிவிட்டது என்று கேள்விப்பட்டு கெர்பாவ் ரோட்டு அச்சகத்துக்குப் போனேன். உரிமையாளர் அப்துல் கஃபார் நல்ல மனிதர். இரண்டு வருடமாக என் கையெழுத்துப் பிரதிகளோடு பழகியவர். மூலையில் நானூறு பிரதிகளும் தைத்து அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து 63ஆம் பக்கத்தைத் திறந்தேன். இரஞ்சிதம் (ச.இ.). கையால் எழுதியபோது அது ஒரு பிழை. ஈய எழுத்தில் பார்த்தபோது அது ஒரு தீர்ப்பு.

அந்தப் பக்கத்தை மாற்றி அச்சடிக்க முடியுமா என்று கேட்டேன். "பெரியவரே, தலைவர் கையெழுத்து இல்லாம ஒரு வரிகூட நான் அடிக்க முடியாது லா. அடிச்சா என் கடையை மூட வேண்டியதுதான்" என்றார். நியாயம்தான். படி இறங்கி, சைக்கிள் நிறுத்துமிடம் வரை நடந்தேன். அங்கே நின்றபோதுதான் நினைவு வந்தது.

அளவை இலாகாவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்குக் கற்றுக்கொடுத்த விதி ஒன்று உண்டு. ஆவணத்தில் பிழை நேர்ந்தால் சுரண்டக் கூடாது. மை ஊற்றி மறைக்கக் கூடாது. பிழையின் நடுவே சிவப்பு மையில் ஒரே ஒரு கோடு. பழையதை யாரும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மேலே சரியானதை எழுதி, பிழை செய்தவனே சுருக்கக் கையொப்பமும் தேதியும் இட வேண்டும். முப்பத்து மூன்று வருடம் அப்படித்தான் செய்தேன். பிழை என்னுடையது. ஆகவே திருத்தமும் என்னுடையது. இதற்கு எந்தத் தலைவரின் அனுமதியும் தேவையில்லை.

திரும்பிப் போய்க் கேட்டேன். அப்துல் கஃபார் மூலையிலிருந்த அடுக்கைக் காட்டினார். "பேனாவால எழுதறதுக்கு அச்சாபீஸ்காரன்கிட்ட எதுக்குப் பெர்மிஷன்? பசை காயணும், ஆறு நாள் இங்கதான் கிடக்கும். நான் எதையும் பார்க்கல. ஃபேன் மட்டும் போட்டு விடறேன்" என்றார்.

மறுநாள் காலை கோடிட அடிமட்டமும் சிவப்பு மைக்கூடும் கொண்டு போனேன். ஒவ்வொரு பிரதியாக 63ஆம் பக்கம். ச.இ. மேல் ஒரு கோடு. அதற்கு மேல்: *கணவர் அயோதேலே, விரிவுரையாளர், இபாதான். மக்கள் கெஹிந்தே (பெண், மூத்தவள்), தாய்வோ (ஆண்).* பக்கத்தில் தி. என்று கையொப்பம், தேதி. மை காயும்வரை விரித்து வைத்து அடுத்தது. அப்துல் கஃபார் எதையும் பார்க்காதவர் அல்லவா, ஆனால் தோளுக்கு மேலிருந்து ஒரு பிரதியைப் படித்துவிட்டார். "முதல்ல பொறந்தது பையன்னு சொன்னீங்களே" என்றார். விளக்கினேன். மிகவும் ரசித்தார். "அப்ப கடைக்குட்டி நான்தான் எங்க வீட்டுக்கு மூத்தவன். இன்னிக்கே அண்ணன்கிட்ட சொல்றேன்" என்றார். அது இரட்டையருக்கு மட்டும்தான் என்று திருத்தினேன். அவர் கேட்பதாக இல்லை.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நாட்களில் எனக்கு இருந்த கோபம் போல் வாழ்க்கையில் இருந்ததில்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் பல்லைக் கடித்தேன். சோர்ந்தபோது தந்தியை நினைத்தேன். அரைப் பக்க ஆங்கிலக் குடும்பத்தை நினைத்தேன். நீ முற்றத்தில் நின்றதையும், மேளக்காரர் கோலைத் தாழ்த்தியதையும் நினைத்தேன். கோபம் தீராமல் இருந்தது நல்லதாயிற்று. கோடு மட்டும் ஒன்றுகூடக் கோணவில்லை.

ஐந்தாம் நாள் வேலாயுதம் வந்துவிட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாசலில் நின்று, "அத்தான், சபைப் புத்தகத்திலை கிறுக்கிறியள். இது களவுக்குச் சமம்" என்றார். போட்டுக்கொண்டிருந்த கோட்டை முடித்துவிட்டு நிமிர்ந்தேன். இது கிறுக்கல் இல்லை, திருத்தம், கையொப்பமும் தேதியும் இருக்கின்றன என்றேன். "உங்களுக்கு மூளை பிசகிப்போச்சு. அக்கா எப்பிடித்தான் உங்களோடை குடும்பம் நடத்துறாவோ" என்றார். அக்கா ஒரு மாதமாகக் குடும்பம் நடத்தவில்லை, அதற்குக் காரணம் நம் இருவரின் பேனாவும்தான் என்றேன். அவர் லாரிக்குச் சொல்லி, மீதியிருந்த பிரதிகளை அப்போதே ஏற்றச் செய்தார். முந்நூற்று ஐம்பத்து மூன்று திருத்தியிருந்தேன். நாற்பத்தேழு தப்பிப் போயின.

விழா ஆகஸ்ட் 19 அன்று. நான் போக வேண்டாம் என்றிருந்தேன். மாலையில் அம்மா உடுத்திக்கொண்டு வந்து நின்றாள். கூறைச் சேலை. "வெளிக்கிடுங்கோ" என்றாள். அதுதான் அவள் ஏழு வாரத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதற்சொல். நான் அச்சகத்தில் என்ன செய்தேன் என்பதை அப்துல் கஃபாரின் மனைவி சாயிரா பானு அவளிடம் சொல்லியிருக்கிறாள். எதையும் பார்க்காத மனிதர் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

மண்டபம் நிறைந்திருந்தது. திருத்தாத நாற்பத்தேழு பிரதிகளையும் முன் வரிசைப் பெரியவர்களுக்கு என்று வேலாயுதம் ஒதுக்கி வைத்திருந்தார். மீதியெல்லாம் பின்னால். இப்படி நடக்கும் என்று நான் கணக்கிடவில்லை. இரண்டு பெயர்களையும் கறுப்பு மையில் அச்சடித்திருந்தால் ஒருவர் கண்ணிலும் பட்டிருக்காது. சிவப்புக் கோட்டைக் கண்டதும் பின் வரிசை முழுவதும் 63ஆம் பக்கத்தைத்தான் படித்தது. ஒருவர் மற்றவருக்குக் காட்டினார். முன் வரிசைப் பெரியவர்கள், பின்னால் எல்லோரும் என்ன இவ்வளவு ஆர்வமாகப் படிக்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வழக்கறிஞர் தம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னாலிருந்து ஒன்றை மாற்றி வாங்கினார்.

தலைவர் பேச்சின் நடுவில் அதைத் தொட்டார். "வயது போன ஒருவர் ஆசையிலை ஏதோ எழுதிப்போட்டார். அந்தச் சிவப்பு மையைப் பெரிசா எடுக்காதையுங்கோ. அச்சிலை இருக்கிறதுதான் சபையின்ரை கருத்து" என்றார். சிலர் சிரித்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. ஏழு குறிப்புகளும் சட்டைப்பையில் இருந்தன. ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இரண்டும் என் கையெழுத்துத்தான் என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அச்சிலே இருப்பதை எழுதியவன் நான், அது பொய். சிவப்பிலே இருப்பதை எழுதியவனும் நான், அது உண்மை. பொய் எழுதச் சொன்னவர்கள் மேடையில் இருக்கிறார்கள், ஆனால் எழுதியவன் நான். அவ்வளவுதான் பேசினேன். உட்கார்ந்துவிட்டேன். பெருமையாக ஒன்றும் இல்லை.

மீதியை அம்மா செய்தாள். முந்தானையிலிருந்து பிள்ளைகளின் படத்தை எடுத்தாள். முழங்கால் வலியோடு எழுந்து, வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொருவர் முகத்துக்கு முன்னாலும் நீட்டினாள். தலைவர் பேசிக்கொண்டே இருந்தார். ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பெண் மூத்தது எது என்று கேட்டாள். உலகத்தை ருசி பார்க்கக் கெஹிந்தே தம்பியை அனுப்பிய கதை முழுவதையும் அம்மா அங்கேயே நின்று சொன்னாள். நான் வாசித்துக் காட்டியதைவிட நன்றாகச் சொன்னாள். பக்கத்து வரிசைக்காரர்கள் எழுந்து வந்து கேட்டார்கள். கடைசியில் தன் தம்பியின் முன்னால் போய் நின்றாள். வேலாயுதம் தலையைக் குனிந்தபடி படத்தைப் பார்த்தார். "அக்கா, இவள் உங்களை மாதிரி இருக்கிறாள்" என்று மெல்லச் சொன்னார். "இல்லாத பிள்ளை எப்பிடியடா என்னை மாதிரி இருக்கும்?" என்றாள். பிறகு என்னிடம் வந்து, வீட்டுக்குப் போகலாம் என்றாள்.

மறுநாள் சபையிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. என் வாழ்நாளில் நான் பதில் எழுதாமல் விட்ட ஒரே கடிதம் அது. நாற்பத்தேழு பிரதிகளும் யார் யார் வீட்டில் இருக்கின்றன என்று பட்டியல் எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு வீடாகப் போவேன். ஆறு வீடுகள் முடிந்தன. இரண்டு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. மறுபடி போவேன். கோபம் இன்னும் இருக்கிறது. கோபமாக இருப்பவனுக்கென்று அவர்கள் மொழியில் ஒரு வாழ்த்து இருக்கிறதா என்று மருமகனிடம் கேட்டுச் சொல். இருந்தால் முப்பத்திரண்டாவது அட்டையாக வைத்துக்கொள்வேன்.

இனி, நீ கேட்டது. எனக்கு இதில் திறமை இல்லை. உன் மாமியார் சொன்ன விதியை மட்டும் பின்பற்றியிருக்கிறேன். அம்மாவையும் பெயர் சொல்லியே அழைத்திருக்கிறேன்.

*கடல் தாண்டி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்,*
*அடிமட்டத்தால் நாடளந்தவனின் பேரப்பிள்ளைகள்.*
*அவன் புலி கொன்றதில்லை, மரம் நட்டதில்லை;*
*தலைவர் இருமினால் எழுந்து நிற்பவன்.*
*உங்களை இல்லையென்று தன் கையால் எழுதியவன்.*
*எழுதிய கையாலேயே அதன்மேல் கோடிட்டவன்.*
*பூரணத்தின் பேரப்பிள்ளைகள்:*
*அவள் சபை நடுவே உங்கள் முகத்தை ஏந்தி நடந்தாள்,*
*பேசிக்கொண்டிருந்தவனின் பேச்சு கேட்பாரற்றுப் போனது.*
*கெஹிந்தே, நிதானமாக வந்தவளே,*
*தாய்வோ, முன்னே ஓடி வந்து அழுதவனே,*
*உலகம் நல்லதுதான். வாருங்கள்.*

அயோதேலே இதைத் தம் மொழியில் ஆக்கட்டும். மேளத்துக்கு ஏற்றபடி முன்பின் மாற்றிக்கொள்ளலாம். கடலை விட்டுவிட்டாலும் பரவாயில்லை. ஐந்தாவது வரியை மட்டும் விடாதே. உன் மாமியாரிடம் அதன் கதையை மறைக்காமல் சொல். முற்றத்தில் எல்லோரும் கூடியிருக்கும்போது மேளக்காரர் அதையும் அடிக்கட்டும். பெண்கள் சிரிக்கட்டும். பிள்ளைகள் வளர்ந்து, அது யார் என்று ஒரு நாள் கேட்டால் என் பெயரைச் சொல்.

மூன்று மாதம் உனக்குப் பதில் எழுதாமல் இருந்தவன் நான். ஆகவே பதில் எழுது என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. டிசம்பரில் மேளக்காரர் நம் பக்கம் திரும்பினார், கோலைத் தாழ்த்தவில்லை என்று ஒரு வரி மட்டும் எழுதினால் போதும். தலையணைக்குக் கீழே வைக்க அம்மாவுக்கு அது வேண்டும்.

நால்வரும் நீடு வாழ்க.

உன் அப்பா,
தி.
3.9.61